விழியைக் காத்தல்

உறுப்புகளுள் தலையாயது கண். அதனை நீரிழிவு ஓசையின்றிக் கெடுக்கும் என்பதைப் பலர் உணர்வதில்லை. குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்து நிற்குமாயின், கண்ணின் உட்புறத்தே உள்ள விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் நலியும். அவற்றினின்றும் நீரும் குருதியும் கசியும். தொடக்கத்தில் நோவும் இல்லை, மங்கலும் இல்லை.

"எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே! மருத்துவரிடம் ஏன் செல்லவேண்டும்?" என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. நன்றாகத் தெரியும்பொழுதே ஆராய்தல் வேண்டும். பார்வை மங்கியபின் செய்யும் மருத்துவம் எஞ்சியதைக் காக்கலாம். இழந்ததை முற்றும் மீட்டல் அரிது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படித்துக் காட்டுவதும் இதற்குப் போதாது. மருந்துத் துளியால் கண்மணியை விரியச் செய்தோ, விழித்திரையைப் படம்பிடித்தோ காண்பதே தக்க சோதனையாகும்.

இதன் பயனுக்கு இங்கிலாந்தும் வேல்சும் சான்றாகும். அந்நாடுகள் 2003ஆம் ஆண்டு முதல் நீரிழிவு உடையாரை அழைத்து, விழித்திரையைப் படமெடுத்து ஆராயும் முறையைப் பரப்பின. உழைக்கும் பருவத்தினரின் பார்வையிழப்பிற்கு நெடுங்காலம் முதற்காரணமாக நின்ற இந்நோய், 2010ஆம் ஆண்டளவில் அங்கு அவ்விடத்தினின்றும் நீங்கிற்று.

ஆதலின் நீரிழிவு உடைய முதியோர், மருத்துவர் வேறு கூறினாலன்றி, ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்தல் வேண்டும். சர்க்கரையையும் குருதி அழுத்தத்தையும் அளவில் நிறுத்தல் வேண்டும். மாணவர்களே! மருந்துத் துளி இட்டபின் சில மணி நேரம் கண் கூசும். தனியே வீடு திரும்புதல் அரிது. உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ சோதனைக்குச் செல்லுங்கால், கைப்பிடித்து உடன் செல்லுங்கள். வெள்ளம் வருமுன் அணை கோலுதலே அறிவுடைமை.