எண் கூடியது, நினைவகம் குறைந்தது

கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் மாடல் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எனக்கு உறுத்துவது நினைவகம். 2021-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி இருந்தது. 2023-இல் அதன் இடத்துக்கு வந்த 4060-இல் 8 ஜிபிதான். புதியது வேகமானது, 170 வாட் கேட்ட இடத்தில் 115 வாட்டில் முடித்துக்கொள்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சில புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. மிச்சம் கணினியின் மெதுவான ரேமுக்குப் போக, காட்சி திக்கித் திக்கி நகர்கிறது. பிளெண்டரில் முப்பரிமாண வேலை பழகும் பிள்ளைகளுக்கோ இந்த 4 ஜிபி இழப்பு இன்னும் பெரிது. கையில் 3060 இருந்தால் விற்காதீர்கள். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 60 காட்சிகளுக்கு மேல் அதில் தெரியாது; காசை மானிட்டரில் போடுங்கள்.