நெடுந்தீவின் முற்றங்களுக்குத் தார் எதற்கு?

எங்கள் ஊர்களில் அபிவிருத்திக்கு ஒரு நிறம் உண்டு. அது கறுப்பு. தார் போட்ட ஊர் முன்னேறிய ஊர். போடாத ஊர் பின்தங்கிய ஊர். தேர்தல் நெருங்கினால் தார்ப் பீப்பாய்கள் வீதியோரத்தில் வந்து நிற்கும். வெளிநாட்டுப் பணம் வந்தால் படலையிலிருந்து விறாந்தை வரை, விறாந்தையிலிருந்து கிணற்றடி வரை, அதற்கும் மேலே காசு மிஞ்சினால் வளவு முழுவதையும் மூடிவிட வேண்டும் என்ற ஆசை வரும். காலில் புழுதி படாமல் வீட்டுக்குள் ஏறுவதுதான் வசதி என்று நாம் நம்பத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது.

இந்த ஆசை யாழ்ப்பாண நகரத்தில் ஏற்படுத்தும் கேடு ஒரு பங்கு என்றால் நெடுந்தீவில் அது பத்துப் பங்கு. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். தீவில் வீடு திருத்துவோரும், தங்குமிடம் கட்ட நினைப்போரும், ஊர்ச்சங்கங்களுக்குப் பணம் அனுப்புவோரும் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

முதலில் அந்த நிலம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான தீவு. ஆறு இல்லை, மலை இல்லை. மெல்லிய மண்போர்வைக்குக் கீழே முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். சீமெந்தோ சாந்தோ இல்லாமல் அந்த முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் தீவு மக்கள் தங்கள் வளவுகளுக்கு மதில் கட்டினார்கள். மதிலின் இடுக்குகளால் காற்று போகும். கீழே மழைவெள்ளம் போகும். தண்ணீரை மறிக்காமல் வாழப் பழகியவர்களின் கட்டடக்கலை அது.

அங்கே குடிநீர் என்பது மழைநீரே. மாரியில் விழும் மழை கல்லின் துளைகளால் இறங்கி, நிலத்தடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. கிணறுகளில் நாம் அள்ளுவது அந்த மிதக்கும் நன்னீரைத்தான். சாராப்பிட்டிக் கிணறுகளின் பெருமையும் இதுவே. இந்த நன்னீர்ப் படைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதன் பாரம் கீழே ஏறத்தாழ 40 அடி உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓர் அங்குலம் குறைந்தால், காலப்போக்கில் கீழே நாற்பது அங்குலம் உவர்நீர் ஏறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதை எழுதியவர்களில் ஒருவர் படோன் கைபன் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளர். அவருடைய முன்னோர்தான் எங்கள் தீவுகளுக்கு லெய்டன், மிடில்பேர்க், ஹார்லெம், டெல்ஃப்ட் என்று தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். மற்றப் பெயர்கள் வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் நிற்கிறது. பெயரை வைத்துக்கொண்ட நாம் அவர்களிடமிருந்து இந்தக் கணக்கையும் கற்றிருக்கலாம்.

இனி நமது கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 250 சதுர மீற்றர். அதில் பாதியைத் தாரால் மூடி, தண்ணீரைக் கானில் விட்டுக் கடலுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை மாதத்து அடைமழையில் 100 மில்லிமீற்றர் பெய்வது புதுமையல்ல. அந்த ஒரு மழையில் நீங்கள் கடலுக்குக் கொடுப்பது 12,500 லீற்றர். அதில் பாதி எப்படியும் ஆவியாகியிருக்கும் என்று தள்ளிவிட்டாலும் மிச்சம் 6,250. ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 250 லீற்றர் செலவிட்டால் 25 நாள் தண்ணீர். ஒரு மழைக்கு, ஒரு வளவுக்கு இவ்வளவு. பங்குனியிலும் சித்திரையிலும் கிணறு உவர்க்கிறது என்று முறையிடுவோர் கார்த்திகையில் தங்கள் வளவுத் தண்ணீர் எங்கே போனது என்று ஒருநாளாவது பார்த்ததுண்டா? வறட்சிக் காலத்தில் நெடுந்தீவின் கட்டைக்குதிரைகள் நீரின்றி மடிகின்றன என்ற செய்தி பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. குதிரைக்கு இல்லாத தண்ணீர் மனிதனுக்கு மட்டும் எவ்வளவு காலம் இருக்கும்?

அடுத்தது தாரின் கதை.

முறையாகப் போடப்படும் தார்த்தளம் என்ன கேட்கிறது என்று ஆசைப்படுவோர் அறிந்திருக்க வேண்டும். மேல்மண்ணை வேரோடு அகற்ற வேண்டும். நான்கு முதல் ஆறு அங்குலம் வரை உடைத்த கல் பரப்பி, நனைத்து, உருளையால் இறுக்க வேண்டும். ஓரங்கள் சிதையாமல் இருக்கக் கல் அணை வைக்க வேண்டும். அதன்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சூடான கலவை. கலவை ஆலையிலிருந்து புறப்படும்போது 150 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்கும். 80 பாகைக்கு இறங்குமுன் உருட்டி இறுக்கிவிட வேண்டும். மெல்லிய தளமாகப் பரப்பிய பின் அது சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். இறுகாத தார் நீரை விடும், புல்லை விடும், உடைந்து போகும்.

இப்போது சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் வரை தரைவழி. அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல்வழி. குமுதினியிலும் வடதாரகையிலும் அரிசி மூட்டையோடும் நோயாளியோடும் மக்கள் நெருங்கிப் போய்வந்த வழி அது. அந்த வழியால் ஒரு வீட்டு முற்றத்துக்குச் சூடான கலவை எப்படி வரும்? அரசாங்கம் ஒரு பெரிய வீதியைப் போடுவதென்றால் பாரவூர்தியை மிதவையில் ஏற்றலாம். தீவிலேயே கலவை ஆலையை நிறுவலாம். தனி வீட்டுக்காரருக்கும் சிறிய தங்குமிடக்காரருக்கும் அது நடவாத காரியம். அவருக்குக் கிடைப்பது விறகு வைத்துக் காய்ச்சிய பீப்பாய்த் தார். சூடு அளவுக்கு மிஞ்சினால் தார் கருகிப் பசை இழக்கும்; குறைந்தால் கல்லில் ஒட்டாது. மேலே மணலைத் தூவி, கையுருளையால் இரண்டு தரம் உருட்டி, படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. புதுத் தரையின் படம் வரும். இரண்டு மாரி கழிந்து ஓரம் உதிர்ந்து நடுவில் புல் முளைத்த தரையின் படத்தை யாரும் அனுப்புவதில்லை.

கல்லுக்கு என்ன செய்வது? குடாநாட்டில் கருங்கல் இல்லை. வன்னியிலிருந்து வர வேண்டும். அதைக் கடல் கடத்திக் கொண்டுபோகும் செலவைக் கண்டதும் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது அருகில் நிற்கும் பழைய மதில். தலைமுறைகள் அடுக்கி வைத்த முருகைக்கல்லை உடைத்து, அதைத் தாருக்கு அடியில் புதைப்பதற்குப் பெயர் அபிவிருத்தியாம். அந்த மதிலையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்க மரத்தையும் பார்க்கத்தானே உல்லாசப் பயணிகள் கடல் கடந்து வருகிறார்கள்? கறுப்பு முற்றம் பார்ப்பதற்கு அவர்கள் நெடுந்தீவு வரை வர வேண்டியதில்லை. கொழும்பில் தாராளமாக உண்டு.

தார் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழில் நாம் தார் என்று இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். ஒன்று மசகெண்ணெயைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் அடிக்கழிவு. வீதிக்குப் போடுவது அதுதான். மற்றது நிலக்கரியிலிருந்து கிடைப்பது. புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்கள் இதில் மிக அதிகம். அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரசபை நிலக்கரித் தாரில் செய்த மேற்பூச்சுகளை 2005 ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. பீப்பாயில் இருப்பது எது என்று கேட்டு வாங்குகிறவர் எங்களில் எத்தனை பேர்?

மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. முறையாக உறைந்த வீதித்தார் எண்ணெய் போல நிலத்தில் ஊறிப் போவதில்லை. ஆனால் காய்ச்சும்போது சிந்துவதும், இளக்குவதற்கு ஊற்றும் மண்ணெண்ணெயும், கழுவிக் கொட்டும் கழிவும் ஊறும். சுண்ணாம்புக்கல் நிலம் எதையும் வடிகட்டுவதில்லை. மேலே கொட்டியதைக் கிணற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுப்புறக் கிணறுகளில் கலந்ததை நாம் மறந்துவிட்டோமா? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. தீர்ப்பு வந்தது, கிணறுகள் பழைய கிணறுகளாகத் திரும்பி வரவில்லை. குடாநாட்டில் கிணறு கெட்டால் தண்ணீர்ப் பவுசர் வரும். நெடுந்தீவுக்குப் பவுசர் எதன்மேல் வரும்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. கால் இழந்தவர்கள், முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இவர்களெல்லாம் புழுதியிலும் சேற்றிலும் தடுமாற வேண்டுமா? போரும் வயதும் ஊன்றுகோல் கொடுத்த மக்கள் வாழும் மண்ணில் வழவழப்பான நடைபாதை ஆடம்பரமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: பாதை வேறு, முற்றம் வேறு.

சக்கர நாற்காலி ஒன்று போக ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம் போதும். திரும்பும் இடத்தில் ஒன்றரை மீற்றர். ஏறுபடி இருக்கும் இடத்தில் 12 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாத சாய்வு. குறுக்கே 50 இல் ஒரு பங்கு சரிவு, அதுவும் மரம் நிற்கும் பக்கமாக. அப்படிப்பட்ட ஒடுக்கமான பாதையிலிருந்து வழியும் மழை பக்கத்து மண்ணிலேயே இறங்கிவிடும், கிணற்றுக்கு நட்டமில்லை. வைத்தியசாலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், இறங்குதுறைக்கும், மாற்றுத்திறனாளி வாழும் ஒவ்வொரு வீட்டுக்கும் அத்தகைய பாதை வேண்டும், இன்றே வேண்டும். அதற்குத் தார் தேவையில்லை. இடைவெளி விட்டுப் பதித்த கொங்கிறீற்றுக் கற்கள் போதும். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மாற்றலாம். கொத்தனார் ஒருவர் போதும், உருளையும் தீயும் வேண்டாம். சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் கறுப்புத் தரையில் நடந்து பார்த்தவருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குத் தார் வீதியின் மேல் மணல் பரப்புகிறோமே, ஏன்? அடியாரின் காலுக்கும் உடலுக்கும் எது இதம் என்று அங்கே நமக்குத் தெரிந்திருக்கிறது. சொந்த வீட்டு முற்றத்தில் மட்டும் மறந்துபோகிறது.

பெரிய வீதிகளுக்குத் தார் போடுவதை நான் எதிர்க்கவில்லை. அது அரசின் கடமை. முறைப்படி செய்யட்டும், தண்ணீர் வடிந்து மண்ணுக்குள் இறங்க வழிவிட்டுச் செய்யட்டும். சென்னையில் தார்மேல் தாராக ஏற்றி, வீதி உயர்ந்து வீடுகள் பள்ளமாகி, மழைக்கு மழை வாசற்படி தாண்டி வெள்ளம் புகுந்த கதை நமக்குப் பாடமாக இருக்கட்டும். அதே தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் வாழ்பவர்களே, இங்கிலாந்தில் 2008 ஒக்டோபர் முதல், 5 சதுர மீற்றருக்கு மேற்பட்ட வீட்டு முன்றிலைத் தண்ணீர் இறங்காத தரையால் மூடி நீரை வீதிக்கு விடுவதானால் அனுமதி பெற வேண்டும். 2007 ஆம் ஆண்டு வெள்ளம் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது. ஜேர்மனியில் வாழ்பவர்களே, உங்கள் நகரசபைகள் பலவும் வளவில் எத்தனை சதுர மீற்றரை மூடியிருக்கிறீர்கள் என்று அளந்து மழைநீர்க் கட்டணம் அறவிடுகின்றன. மழையும் ஆறும் நிறைந்த அந்த நாடுகளில் விதிக்குக் கட்டுப்பட்டு மண்ணைத் திறந்து வைக்கிறீர்கள். மழையைத் தவிர வேறு கதியற்ற நெடுந்தீவுக்குப் பணம் அனுப்பி மண்ணை மூடச் சொல்கிறீர்கள். கேட்பதற்கு ஆளில்லை என்பதாலா?

கேட்க வேண்டியது பிரதேச சபை. வளவில் எவ்வளவு பங்கு மண்ணாகத் திறந்திருக்க வேண்டும் என்று தீவுகளுக்கென ஒரு விதி வேண்டும். பழைய முருகைக்கல் மதிலை உடைத்து அத்திவாரத்துக்குப் போடுவதைத் தடுக்க வேண்டும். புதிதாக எழும் ஒவ்வொரு தங்குமிடமும் தன் கூரைநீரையும் தன் தரைநீரையும் தன் வளவுக்குள்ளேயே இறக்கிக் காட்டாவிட்டால் கட்டட அனுமதி இல்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். தார் போட்டதற்கு நாடா வெட்டும் கைகள் ஒருமுறை இதற்கும் கையொப்பம் இடட்டும்.

அதுவரை நெடுந்தீவில் வீடு கட்டுவோர் கொத்தனாரிடம் தாரின் விலையைக் கேட்குமுன் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்க்கட்டும். தரையை மூடினால் அந்தக் கிணறும் சேர்ந்துதான் உவர்க்கும்.