கரிசல் பூமியின் சிற்றதிர்வுகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் வீட்டுச் சுவர் பிளந்திருப்பதைக் கண்டு பூகம்பத்தை நினைப்பார் எவரும் இலர். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் ஊறி உப்பும் கரிசல் மண், தன்மேல் எழுந்த கட்டிடத்தை ஆண்டுதோறும் அசைத்துப் பார்ப்பது அங்கே சகஜம். நிலம் மெய்யாகவே லேசாக அதிர்ந்தாலும், கல் குவாரியில் வேட்டு வைத்தார்கள் என்றோ, பட்டாசு ஆலையில் விபத்து என்றோ எண்ணி ஜனங்கள் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆகவே இந்தப் பிரதேசத்தில் சுவரையும் செவியையும் சாட்சியாகக் கொள்வதற்கில்லை. அதிர்வை அளக்கும் கருவிகளையே நெருக்கமாக நிறுவ வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை இப்போது வற்புறுத்துவதற்கு விசேஷக் காரணம் உண்டு. சுமியோஷி அபே, நோரிகாசு சுசுகி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இருவர், ஒரு பிரதேசத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அதிர்வு நேர்ந்த கட்டம் ஒவ்வொன்றையும் ஒரு கணுவாகக் கொண்டு, அடுத்த அதிர்வு நேர்ந்த கட்டத்தோடு அதைக் கோடிட்டு இணைத்து, பூகம்பங்களை ஒரு வலைப்பின்னலாகப் பார்க்கும் முறையை 2004-இல் வெளியிட்டார்கள். கலிபோர்னியா, ஜப்பான் பதிவுகளை இவ்வாறு ஆராய்ந்தபோது, பெரும்பாலான கணுக்களுக்குச் சில கோடுகளே இருக்க, வெகு சிலவற்றில் மட்டும் எண்ணிறந்த கோடுகள் வந்து கூடின. பெரும் பூகம்பம் நிகழ்ந்த இடத்தைப் பின்னதிர்வுகள் மீண்டும் மீண்டும் நாடுவதே அதன் காரணம். கணுக்கள் தமக்குள் பின்னியிருக்கும் நெருக்கம், பெரும் பூகம்பத்தின்போது சட்டென உயர்ந்து, பிறகு மெல்ல மெல்லத் தணிவதையும் அவர்கள் பின்னர்க் கண்டார்கள். நாளும் நாழிகையும் குறித்துச் சொல்லும் ஜோசியமன்று இது. நிலத்தின் சுபாவத்தை அறியும் சாஸ்திரம். ஆனால் சிற்றதிர்வுகள் பதிவாகாத இடத்தில் இந்தச் சாஸ்திரத்துக்கு வேலையே இல்லை.

அபாயம் குறைந்த பூமிக்கு இவ்வளவு ஏன் என்று கேட்பவர்கள் கில்லாரியை நினைக்க வேண்டும். மகாராஷ்டிரத்து லாத்தூர் மாவட்டத்தின் அந்தக் கரிசல் கிராமம், அக்காலத்து வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த மண்டலத்திலேயே இருந்தது. முந்தைய ஆண்டு சிற்றதிர்வுகள் உணரப்பட்டும், 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் உறங்கியவர்கள்மேல் சரிந்தன. அவ்வட்டாரத்தில் சுமார் பத்தாயிரம் உயிர்கள் மாண்டன. கோவில்பட்டிக்கு அடியில் இருப்பது தக்காணத்து எரிமலைப் பாறையன்று என்பது மெய்யே. ஆயினும் தமிழ்நாட்டுப் பாறையும் முற்றிலும் உறங்குவதன்று. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் பூமி நடுங்கியது.

கருவிகளோடு இன்னொன்றும் அவசியம். குவாரிக்காரர்கள் வேட்டு வைக்கும் நாளையும் நேரத்தையும் குறித்து அரசுக்கு ஒப்படைக்குமாறு மாவட்ட நிர்வாகம் கட்டளையிட வேண்டும். இல்லையேல் மனிதன் வைத்த வேட்டெல்லாம் பூகம்பக் கணக்கில் ஏறி, வரையும் வலைப்பின்னல் முழுவதும் பொய்யாகிவிடும்.