பளபளப்பு வேணுமா, பேரு வேணுமா?

கையால் அடித்த நல்ல கத்தியை வாங்கிக்கொண்டு போய், "இன்னும் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் குடுங்க" என்று பாலிஷ் கடையில் நீட்டும் நம்ம ஜனங்களோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு. திட்ட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

அந்தப் பளபளப்புக்கு நிஜ விலை என்ன தெரியுமா? செய்தவர் அலகில் பொறித்த முத்திரை.

உளியால் அடித்த முத்திரை ஆழமானது, ஓரளவு தாங்கும். இப்போது பலரும் செய்வது மின்சார அரிப்பு. ஸ்டென்சிலை அலகில் ஒட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வழியாகக் குறைந்த வோல்ட் மின்சாரம் கொடுப்பார்கள். டிசி உலோகத்தை அரித்துப் பள்ளமாக்கும், ஏசி அதைக் கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு வெறும் மெல்லிசுப் படலம். பாலிஷ் சக்கரத்தின் துணியோ மெத்தென்று பள்ளத்துக்குள்ளும் இறங்கும். முதலில் கறுப்பு போகும், பிறகு எழுத்தின் ஓரம் மழுங்கும், கடைசியில் பேரே போகும்.

"அப்போ மெருகே ஏத்தக் கூடாதா?" தாராளமாக ஏற்றலாம். செய்பவர் தேய்ப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பொறிக்கலாம். ஏற்கெனவே பொறித்த கத்தி என்றால், நைஸ் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, ஒரே திசையில், லேசாகத் தேய்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். விரலால் அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் போய்விடும். அமிலத்தில் முக்குவதாக இருந்தால் முத்திரைமேல் நெயில் பாலிஷ் தடவி, முடிந்ததும் அசிட்டோனால் துடைத்தால் தீர்ந்தது. இவ்வளவுதான் சார் விஷயம்! சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"கத்தி வெட்டினா போதாதா, பேரு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பேங்க்காரனின் பதில். நகைக்கு 2021 ஜூலையிலிருந்து ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் பொறிக்கிறோமே, எதுக்கு? மினுக்கைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது என்பதால்தானே! இரும்பும் அப்படித்தான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அலகும் சாதாரணத் தகட்டில் வெட்டிய அலகும் பாலிஷ் போட்டால் ஒரே மாதிரி மின்னும். முனை மடங்கினால் யாரிடம் போய்க் கேட்பது? நன்றாக இருந்தால் அடுத்தவருக்கு யார் பேரைச் சொல்வது?

காமர்ஸ் படித்தவர்களுக்கு குட்வில் என்றால் தெரியும். பட்டறைக்காரருக்கு அது சேரும் ஒரே இடம் அந்த அரை அங்குல முத்திரை. திருப்பாச்சேத்தி அருவா என்றால் எல்லோருக்கும் தெரியும், ராம்பூர் கத்தி என்றால் வடக்கே எல்லோருக்கும் தெரியும். அடித்த ஒரு ஆசாரியின் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1999-ஆம் வருட வணிகக் குறிச் சட்டம்கூட, உண்மையான குறியை அழித்துத் திரிப்பதையும் போலி வேலையின் கணக்கில்தான் வைக்கிறது. வீட்டுக் கத்திக்கு யாரும் கேஸ் போடப் போவதில்லை, சரி. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் தூக்கை ஊர் ஊராகச் சுமந்து வந்து, கொடுத்தவர் பேர் வெட்டியிருப்பதைக் காட்டிப் பெருமைப்படுகிற கூட்டம் நாம். கொடுத்தவர் பேருக்கு இருக்கும் மரியாதை செய்தவர் பேருக்கும் வேண்டாமா?

அடுத்த தடவை பாலிஷ் கடையில் கத்தியை நீட்டும்போது இரண்டே வார்த்தை சொல்லுங்கள்: "பேரைத் தொடாதீங்க."