முதுமைக்கு உகந்த மனை

வீடு கட்டத் தொடங்கும்போது நாம் பிள்ளைகளின் திருமணத்தை நினைக்கின்றோம். வரப்போகும் விருந்தினரை நினைக்கின்றோம். நிலை வைப்பதற்கு நாளும் கோளும் பார்க்கின்றோம். அந்த வீட்டிலேயே ஒருநாள் நாம் முதியவராகித் தள்ளாடி நடக்கப் போகின்றோம் என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

இலங்கையில் 60 வயதை எட்டியோர் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் என்று 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு கூறிற்று. பாலையூற்றிலும் பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றுவிடப் பெற்றோர் மட்டும் எஞ்சிய வீடுகள் உண்டு. தொலைவிலிருக்கும் பிள்ளை முதலிற் செய்ய விரும்புவது, கூடத்தில் ஒரு கமராவைப் பொருத்துவதே. அன்னையைக் கைத்தொலைபேசியில் எந்நேரமும் பார்க்கலாம். பார்க்கலாம், விழும்போது தாங்க இயலுமா?

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும்; முதிய கண் இருளுக்குப் பழக நேரமெடுக்கும்; ஈரத் தரை வழுக்கும். மலசலகூடம் வளவின் பின்புறம் இருக்கும் பழைய வீடுகளில் இம்மூன்று இடரும் ஒரே வழியில் ஒன்றுகூடுகின்றன.

ஆகவே அறிவுள்ள வீடு என்பது அவ்வழியிலேயே தொடங்க வேண்டும். சுவரில் உறுதியான கைப்பிடி வேண்டும். குளியலறைக்குச் சொரசொரப்பான தரை வேண்டும். 6 அங்குலப் படிக்குப் பதிலாக 6 அடி நீளச் சரிவு வேண்டும். நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்கு வேண்டும். அது மின்கலத்திலும் இயங்க வேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாம் மறந்தோமில்லை.

செய்தி சொல்லும் கருவியும் தீதன்று. யப்பானியச் சொஜிருஷி நிறுவனம் 2001 இல் ஒரு வெந்நீர்க் கலத்தை வெளியிட்டது. முதியவர் தேநீருக்கு நீர் எடுத்த நேரம் மின்னஞ்சல் வழியே பிள்ளைக்குத் தெரியவரும். அன்னையின் முகத்தை அது காட்டுவதில்லை. அவள் எழுந்து நடமாடுகின்றாள் என்பதை மட்டும் அறிவிக்கின்றது. அன்பும் மானமும் ஒருங்கே காக்கப்படுவது இவ்வாறுதான்.

எனினும், தொரன்ரோவுக்குச் செல்லும் செய்தி இங்கே கதவைத் திறவாது. எனவே அடுத்த வீட்டாரிடம் ஒரு திறப்பும் பிள்ளையின் தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும். 1990 என்ற நோயாளர் காவு வண்டிச் சேவையின் எண் பெரிய எழுத்திற் சுவரில் இருத்தல் வேண்டும். எதைப் பொருத்துமுன்னும் அங்கு வாழ்பவரின் சம்மதத்தைக் கேட்டல் வேண்டும், வீடு அவருடையதன்றோ?

விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓரிரவு, அன்னையின் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை அவள் நடக்கும் வழியே நடந்து பாருங்கள். உங்கள் கால் எங்கே தயங்குகின்றதோ, வேலையை அங்கே தொடங்குங்கள்.