வருகைப் பதிவேடு போதுமா?

மாநிலங்களவை உறுப்பினரை வருகைப் பதிவாலும் கேள்விக் கணக்காலும் எடைபோட்டால் போதும் என்கிறார்கள். அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவெல்லாம் வெறும் சடங்காம்.

அப்படியானால் திருச்சி சிவாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. மாநிலங்களவையில் சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவைத் திரும்பப் பெறும்படி அமைச்சர் தாவர்சந்த் கெலாட் கேட்டுக்கொண்டார். சிவா மசியவில்லை. குரல் வாக்கெடுப்பில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் நாடாளுமன்ற அவை ஒன்று நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது.

மக்களவையைத் தாண்டவில்லையே என்பார்கள். உண்மைதான். சிவா கேட்ட 2 சதவீத இடஒதுக்கீடும் 2019 திருநர் சட்டத்தில் இல்லை. ஆனால், திருநர் உரிமை குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்போடு இந்த மசோதாவும் சேர்ந்து நெருக்கியபின், 2016இல் அரசே தன் மசோதாவோடு வந்தது. இந்த நெருக்கடிக்கு வருகைப் பதிவேட்டில் எத்தனை மதிப்பெண்?