நலமா என்று ஒரு வரி



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மகன் சரக்குக் கப்பலில் பணிபுரிபவன், விடுப்பில் வந்திருந்தான்.

"எந்நேரமும் கைப்பேசியே கதி, சாமி. அப்படி என்னதான் எழுதுகிறான் என்று பார்த்தால், 'சாப்பிட்டாயா', 'அங்கே காற்று எப்படி', 'முதுகு வலி தேவலையா' என்று இவ்வளவுதான். முன்பு கூடக் கப்பலில் இருந்தவர்களாம். இப்போது ஆளுக்கொரு கடலில் இருக்கிறார்களாம். நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்றார்.

புத்தி சொல்லத் தொடங்கினேன். காலத்தின் அருமை பற்றியும், வீட்டுக்கு வந்தவன் வீட்டாரோடு பேச வேண்டியது பற்றியும் கூறினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "2020-இல் என் ஒப்பந்தம் முடிந்தும் ஐந்து மாதம் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை, சாமி. கரை கண்ணுக்குத் தெரியும். கால் வைக்க விடமாட்டார்கள். அப்போது எங்களுக்குப் புத்தி கலங்காமல் காத்தது இந்தச் 'சாப்பிட்டாயா'தான்."

அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில், பணிக்காலம் முடிந்த பின்னும் கரையேற முடியாமல் உலகெங்கும் கப்பல்களில் தவித்தவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். நம் இல்லங்களுக்கு அரிசியும் எண்ணெயும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுமந்து வந்தவர்களை நாம் எத்தனை பேர் நினைத்தோம்?

அவர்கள் சென்ற பின் என் மனம் நம் கரைக்கு வந்த பழைய பயணி ஒருவரிடம் சென்றது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அவருடன் கப்பலேறியவர்களுள் மான்சிலாஸ் என்பவரும் ஒருவர். பெரிய படிப்பாளியல்லர், ஆனால் நல்ல மனத்தினர். பதின்மூன்று மாதப் பயணத்திற்குப் பின் 1542 மே மாதம் சவேரியார் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். மான்சிலாசும் பின்னர் இங்கு வந்தார். 1544-இல் ஒருவர் ஓர் ஊரில் இருந்தால் மற்றவர் வேறோர் ஊரில் இருப்பார். மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, தூத்துக்குடி ஆகிய நம் ஊர்களிலிருந்தெல்லாம் சவேரியார் அவருக்குச் சிறு சிறு கடிதங்கள் எழுதினார்.

அவற்றில் ஆழ்ந்த இறையியலைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். உடல்நலம் எப்படி? மக்களிடம் பொறுமையாயிரும்; அவர்கள் உம்மை நேசிக்கும்படி நடந்துகொள்ளும்; அங்குள்ள செய்திகளை எழுதும். பெரும்பாலும் இவ்வளவே அவற்றின் பொருள்.

ஆனால் இத்தகைய வரிகளே ஆபத்து வேளையில் உயிர் காக்கும் வழியாயின. அவ்வாண்டு ஜூன் மாதம் படையெடுப்புக்கு அஞ்சிய குமரிமுனைப் பகுதி மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினர். சவேரியார் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்றினால் போய்ச்சேர முடியாமல் திரும்ப நேர்ந்தது. அந்த வேதனையை அவர் எழுதியது மான்சிலாசுக்கே. செப்டம்பரில் தூத்துக்குடியில் இருந்தோர் தீவுகளுக்கு ஓடிப் பிழைக்க வேண்டியதாயிற்று. உணவும் நீரும் ஏற்றிய தோணிகளோடு விரைந்து செல்லும்படி ஆலந்தலையிலிருந்து அவர் எழுதினார். தீவில் ஒதுங்கியவர்களுள், முன்பு சவேரியாரே கடிந்துகொண்ட போர்த்துக்கீசியத் தலைவரும் ஒருவர். தாகத்தின் முன் பழைய மனத்தாங்கலை அவர் பொருட்படுத்தவில்லை.

பின்னர் கிழக்கே அம்போயினாத் தீவுக்குச் சென்ற சவேரியார், 1546-இல் ஐரோப்பாவிலிருந்த தம் சகோதரர்களுக்கு ஒரு செய்தி எழுதினார். அவர்கள் தத்தம் கையால் எழுதிய பெயர்களைக் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருந்தாராம். கடல் பல கடந்த அந்த மாமனிதருக்கும், நண்பன் கைபட்ட ஒரு துண்டுக் காகிதம் தேவைப்பட்டது!

மான்சிலாசின் கதை இன்பமாக முடியவில்லை. தொலைவிலுள்ள மலுக்குத் தீவுகளுக்குச் செல்லுமாறு வந்த கட்டளைக்கு அவர் கீழ்ப்படியவில்லை. 1548-இல் சவேரியார் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். அவரோ அந்தக் கடிதங்களைக் கிழித்தெறியவில்லை. கண்ணும் கருத்துமாகக் காத்து வைத்திருந்தார். நம் கரையின் 1544-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை இன்று நாம் நாள்வாரியாக அறிய முடிகிறதென்றால், விலக்கப்பட்ட அந்த நண்பரின் அன்பே அதற்குக் காரணம்.

இதை எண்ணியபோது எனக்கு நெஞ்சு குத்தியது. குருமடத்தில் என்னோடு நான்காண்டுகள் ஒரே மேசையில் உணவருந்திய நண்பர் ஒருவர் இருந்தார். அழைத்தல் தமக்கில்லை என்று வெளியேறிக் கப்பல் வேலைக்குச் சென்றார். துறைமுகந்தோறும் இறங்கி எனக்குக் கடிதம் எழுதுவார். முதல் சில கடிதங்களுக்குப் பதில் எழுதினேன்; பிறகு நிறுத்திவிட்டேன். வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. விட்டுச் சென்றவரோடு இனி என்ன பேச்சு என்ற சிறுமை என்னுள் இருந்தது. அவர் கடிதங்கள் மேலும் இரண்டாண்டுகள் வந்தன, பின்பு நின்றுபோயின. அவற்றில் ஒன்றைக்கூட நான் பாதுகாத்து வைக்கவில்லை.

அவருடைய எண்ணை உறவினர் ஒருவரிடம் கேட்டுப் பெற்றேன். மன்னிப்புக் கேட்டு நீண்ட செய்தி எழுதினேன், அழித்தேன். மீண்டும் எழுதினேன், அதையும் அழித்தேன். முடிவில், "நலமா?" என்று மட்டும் கேட்டு என் பெயரை எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "நலம். முழங்கால் வலிதான். சாமி சாப்பிட்டீர்களா?"

முப்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் கப்பலிலோ, அயல்நாட்டிலோ, தொலைவூரிலோ ஒருவர் இருப்பார். மனத்தாங்கலோடு பிரிந்து சென்றவராகவும் இருக்கலாம். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், கணக்குத் தீர்க்கவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே: அம்மா, உங்கள் மகனுக்குப் புத்தி சொல்ல அழைத்தீர்கள், அதைப் பெற்றுக்கொண்டவன் நான்.